சாக மறுக்கும் செல்லை மருந்து எப்படிச் சாகவைக்கிறது? பிசிஎல்-2 பற்றி ஓர் ஐயம்

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. திட்டமிட்ட செல் இறப்புக்குப் புற்றுநோய்ச் செல்கள் காட்டும் எதிர்ப்பைப் பற்றியும், மருந்துகள் அதை வெல்லும் வழிகளைப் பற்றியும் அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கில் அரைமணி நேரம் பேச வேண்டும். குறிப்பெடுக்கத் தொடங்கிய முதல் நாளே ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். மூன்று நாளாகியும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

டக்ளஸ் ஹானஹனும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, புற்றுநோய்ச் செல்லின் ஆறு அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று, அப்போப்டோசிஸ் எனப்படும் செல்தற்கொலையிலிருந்து தப்பித்துக்கொள்ளும் ஆற்றல். அதே பாடத்தின் அடுத்த பகுதியிலோ, வேதிச்சிகிச்சை மருந்துகள் பலவும் புற்றுநோய்ச் செல்களை அப்போப்டோசிஸ் வழியாகவே கொல்கின்றன என்று இருக்கிறது. சாகும் வழியையே இழந்துவிட்ட செல்லை அதே வழியில் எப்படிக் கொல்ல முடியும்? அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்றால், எதிர்ப்பு என்று எதைச் சொல்கிறோம்?

இதனுடன் சேர்ந்த இரண்டாவது ஐயமும் உண்டு. பிசிஎல்-2 என்ற புரதத்தைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்று என் வழிகாட்டி கூறினார். ஆனால் பிசிஎல்-2 நம் உடலின் இயல்பான செல்களிலும் இருக்கிறதே. அவை ஏன் கூட்டமாகச் செத்துவிழுவதில்லை? மருந்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. விளங்கிக்கொண்டு பேச விரும்புகிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

நுண்நோக்கி

வணக்கம் இளவேனில். நீங்கள் சிக்கிக்கொண்ட இடம்தான் இந்தத் துறையின் நடுப்புள்ளி. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் 'தப்பித்தல்' என்ற சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும், சாவுக்கான இயந்திரமே செல்லுக்குள் உடைந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான புற்றுநோய்களில் அது உடைவதில்லை. எல்லா உறுப்புகளோடும் ஓடத் தயாராக நிற்கிறது. அதைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கும் கை மட்டும் அளவுக்கு மீறி வலுத்திருக்கிறது.

இயந்திரத்தை முதலில் பார்த்துவிடுவோம். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிடக்கூடிய பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் உள்ளன. அவை துளையிட்டால் உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. அது ஆபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து கேஸ்பேஸ்-9 என்ற நொதியை எழுப்புகிறது. அது கேஸ்பேஸ்-3-ஐ எழுப்புகிறது. அதற்குப் பிறகு செல் உள்ளிருந்தே நறுக்கப்பட்டுச் சிறுசிறு பொட்டலங்களாகிவிடுகிறது. மூச்சுவிட உதவும் சைட்டோகுரோம் சி-யே சாவுக்கும் ஓலை கொண்டுவருகிறது என்பதை ஷியாவ்டாங் வாங்கின் ஆய்வுக்குழு 1996-இல் காட்டியபோது பலர் நம்பத் தயங்கினார்கள். பாக்ஸ், பாக் இரண்டையும் துளையிடவிடாமல் தடுக்கும் காவலர்கள் பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 முதலியவை. செல்லுக்குக் கேடு நேர்ந்துவிட்டது என்ற சேதியைக் கொண்டுவரும் தூதர்கள் பிம், பியூமா, நாக்சா முதலியவை. காவலரின் உடலில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிஎச்3 எனப்படும் சுருள் பகுதி ஒன்று தூதரிடம் இருக்கிறது. அந்தச் சுருள் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். காவலர் தூதரைப் பிடித்துவைத்துக்கொள்வது இப்படித்தான்.

இந்தக் காவலர் எப்படிக் கண்ணில் பட்டார் என்பதைக் கருத்தரங்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஃபாலிக்குலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்கு, 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கும். அந்த ஒட்டின் அருகே இருந்த மரபணுவை யோஷிஹிடே சுஜிமோட்டோவும் கார்லோ குரோச்சேயும் ஃபிலடெல்ஃபியாவில் 1984-இல் பிரித்தெடுத்தார்கள். பி-செல் லிம்போமாவில் கண்ட இரண்டாவது மரபணு என்பதால் பிசிஎல்-2 என்று பெயரிட்டார்கள். அதுவரை அறிந்திருந்த புற்றுநோய் மரபணுக்களைப் போல இதுவும் செல்லைப் பெருகச் செய்வதாகவே இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய சோதனை 1988-இல் மெல்பர்னில் நடந்தது. டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் வால்டர்-எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில், இன்டர்லியூகின்-3 என்ற வளர்ச்சிப் பொருள் இருந்தால் மட்டுமே பிழைக்கும் ரத்தச் செல்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பிசிஎல்-2 மரபணுவைச் சேர்த்தார்கள். பிறகு அந்த வளர்ச்சிப் பொருளை நீக்கிவிட்டார்கள். மரபணு சேர்க்கப்படாத செல்கள் சில நாளில் செத்துப்போயின. சேர்க்கப்பட்டவை பெருகவும் இல்லை, சாகவும் இல்லை. தட்டில் சும்மா உயிரோடு கிடந்தன. நான் மாணவனாக இருந்தபோது இதே வகைச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் செல்கள் சுருங்கிக் கொப்புளம் கொப்புளமாகச் சிதறிக் கிடக்க, பக்கத்துத் தட்டில் அவை உருண்டையாக, பளபளப்பாக, எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பவை போலக் கிடந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாகாமல் இருப்பதும் புற்றுநோய்க்கு ஒரு வழி என்று அறிவியல் உணர்ந்தது அந்தச் சோதனையால்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தூதர்கள் வராததால் பிழைத்திருக்கும் செல் ஒரு வகை. தூதர்கள் கூட்டமாக வந்தும், காவலர்கள் அத்தனை பேரையும் பிடித்துவைத்திருப்பதால் பிழைத்திருக்கும் செல் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவற்றின் நிலை ஒன்றல்ல. புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் இரண்டாவது வகை. கட்டுப்பாடின்றிப் பெருகுவதும், டிஎன்ஏ சிதைவதும், இடம் மாறி வாழ்வதும் ஒவ்வொன்றும் 'செத்துப்போ' என்ற சேதியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பாஸ்டனில் ஆந்தனி லேட்டாய் செய்த ஆய்வுகள் இந்த நிலையைச் சாவுக்கு ஆயத்தமான நிலை என்று விளக்கின. தொகுத்தெடுத்த பிஎச்3 துண்டுகளை நோயாளியின் செல்களோடு கலந்து, எத்தனை எளிதில் மைட்டோகாண்ட்ரியா துளைபடுகிறது என்று அளப்பதற்கு ஒரு முறையையும் அவர் வகுத்தார். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இயல்பான செல்கள் பலவற்றில் காவலர் இருந்தாலும் அவர் கையில் கைதி இல்லை, அல்லது குறைவு. கையை விலக்கினாலும் ஒன்றும் பாய்ந்து வெளிவராது.

பிசிஎல்-2 நிறைய இருந்தாலே மருந்து வேலை செய்துவிடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2017-இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், பிசிஎல்-2 கண்டுபிடிக்கப்பட்ட அதே ஃபாலிக்குலர் லிம்போமாவில் வெனிடோகிளாக்ஸ் தனியாக 38 சதவீதத்தினருக்கே பலன் தந்தது. மேன்டில் செல் லிம்போமாவிலோ 75 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. காவலரின் எண்ணிக்கையைவிட, அவர் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார், உதவிக்கு வேறு காவலர் இருக்கிறாரா என்பவைதான் முடிவு செய்கின்றன.

தமிழில் பேசப்போகிறீர்கள் என்றால் ஒரு சிறு குறிப்பு. ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரீ மூவரும் 1972-இல் தேர்ந்த அப்போப்டோசிஸ் என்ற கிரேக்கச் சொல், பூவிதழும் இலையும் உதிர்வதைக் குறிக்கும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று வரும் நம் வரிசையில் உதிரும் பூவுக்கு 'வீ' என்று பெயர். வீதல் என்றால் சாதல். அவர்கள் கிரேக்கத்தில் தேடிய பொருள் நம்மிடம் ஓரெழுத்துச் சொல்லாகவே இருக்கிறது.

செங்கதிர்

நுண்நோக்கி ஐயாவின் விளக்கத்தோடு மருந்தியல் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் மருந்தியல் கற்பிப்பவன்.

காவலரின் பள்ளத்தை மருந்தால் அடைப்பது எளிதாக இருக்கவில்லை. நொதியின் பள்ளம் சிறியது, ஆழமானது. சிறு மூலக்கூறு ஒன்று அதில் உட்கார்ந்துவிடும். புரதமும் புரதமும் தொட்டுக்கொள்ளும் பரப்போ நீளமானது, வழுக்கலானது. இத்தகைய இடத்தில் மாத்திரை எதுவும் பிடிக்காது என்று பலரும் கைவிட்டிருந்த காலத்தில், அபாட் நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபெசிக்கின் குழு வேறு வழியில் போனது. தனித்தனியே மிகப் பலவீனமாக ஒட்டும் சிறு துணுக்குகளை அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவியால் தேடி, பள்ளத்தில் அடுத்தடுத்து ஒட்டும் இரண்டை ஒன்றாக இணைத்தார்கள். அப்படிப் பிறந்த ஏபிடி-737 பற்றிய கட்டுரை 2005-இல் வெளிவந்தது. அதை வாய்வழியாகக் கொடுக்க முடியவில்லை. வாய்வழி தரக்கூடிய நேவிடோகிளாக்ஸ் அடுத்து வந்தபோது, நோயாளிகளின் ரத்தத் தட்டணுக்கள் சடசடவெனக் குறைந்தன. உட்கரு இல்லாத தட்டணு, பிசிஎல்-எக்ஸ்எல் காக்கும்வரைதான் உயிரோடிருக்கும் என்பதை மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டியிருந்தார்கள். நேவிடோகிளாக்ஸ் பிசிஎல்-2-ஐயும் பிசிஎல்-எக்ஸ்எல்-ஐயும் சேர்த்தே தடுத்தது. இயல்பான செல்கள் ஏன் சாவதில்லை என்று இளவேனில் கேட்டாரே, சில சாகத்தான் செய்கின்றன என்பதற்கு இதுவே சான்று.

பிசிஎல்-எக்ஸ்எல்-ஐத் தொடாமல் பிசிஎல்-2-ஐ மட்டும் பிடிக்கும்படி மூலக்கூற்றை மாற்றியமைத்தார்கள். அதுதான் ஏபிடி-199, பின்னாளில் வெனிடோகிளாக்ஸ் என்று பெயர் பெற்றது. 2013-இல் வந்த கட்டுரையில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பிற சிகிச்சைகளுக்கு இணங்காத நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், அதாவது சி.எல்.எல். உள்ள மூன்று பேருக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்ததும், 24 மணி நேரத்துக்குள் மூவரின் புற்றுநோய்ச் செல்களும் பெருவாரியாகக் கரையத் தொடங்கின. செல்கள் எத்தனை ஆயத்தமாக நின்றிருந்தால் இது நடந்திருக்கும்!

ஏன் சி.எல்.எல். என்று கேட்டால், அதில் 13-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அறுந்திருக்கும். பிசிஎல்-2 உற்பத்தியை அடக்கிவைக்கும் இரண்டு குறு ஆர்என்ஏக்கள் அந்தத் துண்டில்தான் உள்ளன. அடக்குபவை போனதும் பிசிஎல்-2 பெருகுகிறது. பெருகிய பிசிஎல்-2 பிம் என்னும் தூதரை ஏராளமாகப் பிடித்துவைத்திருக்கிறது.

எதிர்ப்பை வெல்வது என்ற உங்கள் தலைப்புக்கு மிக நேரான சான்று 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையை இழந்த நோயாளிகள்தான். பி53 மரபணு இருப்பது அங்கே. பழைய வேதிச்சிகிச்சை டிஎன்ஏவைச் சிதைக்கும். சிதைவைக் கண்டு பி53 எழும். அது பியூமா, நாக்சா என்ற தூதர்களை அனுப்பும். பி53 இல்லாதபோது சேதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச்சேர்வதில்லை. எத்தனை மருந்து ஏற்றினாலும் செல் அசையாது. வெனிடோகிளாக்ஸோ பி53-க்குக் கீழே நேரடியாகப் போய்க் காவலரின் கையைத் தட்டிவிடுகிறது. இத்தகைய 107 பேரிடம் நடந்த ஆய்வில் 79 சதவீதத்தினர் பலன் பெற்றார்கள். 2016 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதலில் அனுமதி கொடுத்தது இவர்களுக்காகத்தான். எனினும் இவர்களுக்கு நோய் மற்றவர்களைவிட விரைவில் திரும்புகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

நான் அறிவியல் படித்தவள் அல்ல. என் அப்பாவுக்கு 68 வயது, சி.எல்.எல். நோய்க்காக இந்த மருந்தையே எடுத்துக்கொண்டவர். மருந்து வேகமாக வேலை செய்வதே ஆபத்து என்பதை மாணவி தன் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் சிதைந்தால் அவற்றின் உள்ளே இருக்கும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலம் ஏறும், சிறுநீரகமும் இதயமும் தாங்காது என்று மருத்துவர் எங்களிடம் படம் வரைந்து விளக்கினார். அதனால் முதல் வாரம் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம்தான். பிறகு வாரத்துக்கு ஒரு படியாக 50, 100, 200, ஐந்தாவது வாரத்தில் 400. முதல் நாள் அப்பாவின் உள்ளங்கையில் இருந்தவை வெளிர்மஞ்சள் நிறத்தில் உருண்டையான இரண்டு சிறு மாத்திரைகள். இத்தனை பெரிய நோய்க்கு இவ்வளவுதானா என்று அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே தண்ணீர் குடிக்கவைத்தோம். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கணக்கு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையும் முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள். முதல் வேளைக்கு மருத்துவமனையில் சேர்த்து, காலை உணவோடு மாத்திரை கொடுத்து, பிற்பகலில் ஒரு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றிரவு பொட்டாசியத்தின் எண் எத்தனை என்று செவிலியரிடம் நான் நான்கு முறை கேட்டிருப்பேன். அவர் நான்கு முறையும் முகம் சுளிக்காமல் சொன்னார்.

அப்பாவின் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவில் நெறிகட்டி இருந்தது. இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒரு காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப்பார்க்கச் சொன்னார். சவரக்கத்தி மேடேறி இறங்காமல் நேராகப் போகிறது என்றார். ஐந்து வாரப் படிகள் முடிந்ததும் ரிட்டுக்சிமாப் ஊசி மாதம் ஒன்றாக ஆறு முறை போட்டார்கள். மாத்திரை இரண்டு ஆண்டு தொடர்ந்தது.

மூன்றாம் வாரத்தில் ஒரு பெரிய விபத்திலிருந்து தப்பினோம். இருமல் என்று வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதிக்கொடுத்தார். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நாங்கள் சொல்லியிருந்தும் அவர் காதில் வாங்கவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள் அம்மா என்றார். கேட்டபோது, தொடவே கூடாது என்று பதறிவிட்டார்கள். காரணத்தைப் படித்தவர்கள் சொன்னால் எனக்கும் விளங்கும். மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்பினால் இதே மருந்து மறுபடியும் கேட்குமா என்பதும் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

செங்கதிர்

அம்மா, அந்த மருந்துக்கடைக்காரர் செய்தது உயிர்காக்கும் காரியம். வெனிடோகிளாக்ஸைக் கல்லீரலில் சிதைத்து அகற்றுவது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது கொடுத்தது 100 மில்லிகிராம் என்றாலும் உடலில் அதன் பலமடங்கு தேங்கும். படிப்படியாக ஏற்றியதன் பயனே போய்விடும். கிரேப்ஃபுரூட் பழத்தையும் நட்சத்திரப்பழத்தையும் தவிர்க்கச் சொல்வது இதே காரணத்தால்தான்.

உங்கள் அடுத்த கேள்விக்கு விடை சொல்ல, எதிர்ப்பு எப்படித் திரும்பி வருகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். மருந்தை ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் எடுத்தவர்களிடம் பிசிஎல்-2 மரபணுவிலேயே ஒரு திடீர்மாற்றம் தோன்றுவதை மெல்பர்ன் குழு 2019-இல் கண்டது. நோய் திரும்பிய 15 பேரில் 7 பேரிடம், புரதத்தின் 101-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலைன் இருந்தது. கிளைசினைவிட வேலைன் சற்றே பருமனானது. அது பக்கத்தில் 152-ஆம் இடத்திலுள்ள குளூட்டமிக் அமிலத்தைத் தள்ள, அந்த அமிலத்தின் பக்கக்கிளை மருந்து உட்காரும் இடத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது. மருந்தின் பிடிமானம் ஏறத்தாழ 180 மடங்கு குறைகிறது. ஆனால் தூதரைப் பிடிக்கும் பணி குறையின்றி நடக்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால், அத்தனை ஆண்டு உழைத்து வடித்த மூலக்கூறு பள்ளத்தைவிட்டு நழுவுகிறது. இந்த அமைப்பின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வருத்தமும் வியப்பும் ஒருசேர எழுந்தன.

வேறு வழிகளும் உண்டு. பிசிஎல்-2-ஐ மருந்து கட்டிப்போட்டதும், விடுபட்ட தூதர்களை எம்சிஎல்-1 அல்லது பிசிஎல்-எக்ஸ்எல் பிடித்துக்கொள்ளலாம். நெறிகட்டிக்குள் இருக்கும் செல்களுக்குச் சுற்றுப்புறச் செல்களிலிருந்து வரும் குறிப்புகளே இந்த இரண்டையும் கூட்டிவிடும் என்பதால், ரத்தத்தில் நோய் மறைந்தபின்னும் அங்கே ஒளிந்திருக்க முடிகிறது. அரிதாக, துளையிடும் பாக்ஸ் புரதமே பழுதாகிவிடும். அப்போதுதான் இயந்திரம் உடைந்தது என்ற சொல் பொருந்தும்.

இடைவிடாமல் கொடுத்தால் இத்தகைய செல்களுக்கே நாம் இடம் கொடுக்கிறோம். ஆகவே குறித்த காலத்துக்குக் கொடுத்து நிறுத்தும் முறை வந்தது. 389 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான முரானோ ஆய்வில், வெனிடோகிளாக்ஸையும் ரிட்டுக்சிமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 84.9 சதவீதத்தினருக்கு இரண்டாண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தது. பழைய வேதிச்சிகிச்சைச் சேர்க்கையைப் பெற்றவர்களில் அது 36.3 சதவீதம். உங்கள் அப்பா பெற்றது இந்தச் சிகிச்சையைத்தான். இப்படி நிறுத்தியபின் நோய் திரும்பியவர்களுக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்தபோது பெரும்பாலோருக்கு அது மீண்டும் வேலை செய்தது. மருந்து இல்லாத காலத்தில், மருந்தைத் தாங்கும் செல்லுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. 101-ஆம் இடத்து மாற்றமும் இவர்களிடம் அவ்வளவாகத் தென்படவில்லை.

இளவேனில்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. காவிரிக்கரை அம்மா, உங்கள் அப்பாவின் சவரக்கத்தியைப் பற்றி, உங்கள் இசைவு இருந்தால், பெயர் சொல்லாமல் என் பேச்சில் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பிசிஎல்-2 கட்டுண்டதும் எம்சிஎல்-1 அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது என்றால், இரண்டையும் சேர்த்துத் தடுத்துவிட்டால் என்ன? கூடவே இன்னொரு சங்கடம். கருத்தரங்குத் தலைப்பைச் சொன்னதும் உறவினர்கள் இருவர், மஞ்சளும் முள்சீத்தாவும் புற்றுநோய்ச் செல்களை அப்போப்டோசிஸால் கொல்கின்றன என்று நிறுவப்பட்டுவிட்டதாகச் செய்திகளை அனுப்பினார்கள். என்ன பதில் சொல்வது?

நுண்நோக்கி

இரண்டு கேள்விக்கும் அடிப்படை ஒன்றுதான்: புற்றுநோய்ச் செல் சாகும் அளவுக்கும் நல்ல செல் சாகும் அளவுக்கும் நடுவே எத்தனை இடைவெளி இருக்கிறது?

எம்சிஎல்-1-ஐத் தடுக்கும் மூலக்கூறுகள் ஆய்வகத்தில் மிகத் திறமையாக வேலை செய்தன. நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, இதயத் தசை சேதமடைவதைக் காட்டும் ட்ரோபோனின் சிலரது ரத்தத்தில் ஏறியதால் பல ஆய்வுகள் நின்றுபோயின. இதயத் தசைச் செல்கள் எம்சிஎல்-1-ஐ நம்பியே வாழ்கின்றன. பிசிஎல்-எக்ஸ்எல்-க்கு வேறொரு தந்திரத்தை முயல்கிறார்கள். அதைப் பிடித்துச் செல்லின் குப்பை அரவைக்கு அனுப்பும் மூலக்கூறுகளை வடிவமைத்திருக்கிறார்கள். அவற்றுக்குத் துணைவேண்டிய விஎச்எல் என்ற நொதி தட்டணுக்களில் மிகக் குறைவு என்பதால் தட்டணுக்கள் பெரிதும் தப்புகின்றன. இரண்டு காவலர்களை ஒரே நேரத்தில் தொடுவதற்கு இப்படி ஏதாவது ஒரு பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும்.

மல்டிபிள் மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுநோயில் நடந்த பெல்லினி ஆய்வை ஒரு படமாகவாவது வையுங்கள். அங்கே வெனிடோகிளாக்ஸ் சேர்த்தவர்களிடம் நோய் நெடுநாள் அடங்கியிருந்தது. ஆனால் அவர்கள் 194 பேரில் 41 பேரும், சேர்க்காத 97 பேரில் 11 பேரும் இறந்திருந்ததைக் கண்டு, 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த நோயில் புதிதாக ஆள்சேர்ப்பதை நிறுத்தியது. செல்களைக் கொல்வதில் வென்ற மருந்து, அதே நோயாளியின் ஆயுளைக் காப்பதில் தோற்கக்கூடும். அக்யூட் மயலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் நடந்தது வேறு. கடும் வேதிச்சிகிச்சையைத் தாங்க முடியாத முதியவர்களிடம் அசாசிடிடின் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம், 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்து மாதம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; அந்த வயதில், அந்த நோயில், அது பேரனின் பள்ளி ஆண்டுவிழாவைப் பார்க்கும் காலம்.

உறவினர்களுக்கு அன்போடு சொல்லுங்கள்: தட்டில் வளரும் செல்லைக் கொல்வது கடினமே அல்ல. உப்பைக் கூட்டினாலும் சாகும், சாராயம் ஊற்றினாலும் சாகும். மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. தட்டில் கொடுத்த செறிவு ரத்தத்தில் எட்டுவதில்லை. அதோடு பலவகைப் புரதங்களோடு குறிப்பின்றி ஒட்டிச் சோதனை முடிவுகளையே குழப்பும் இயல்பும் அதற்கு உண்டு. முள்சீத்தாவில் உள்ள அனோனாசின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் நஞ்சு. புற்றுநோய்ச் செல்லா நரம்புச் செல்லா என்று பார்க்காது. கரீபியத் தீவான குவாடலூப்பில் காணப்பட்ட பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய்க்கும் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொள்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் 1999 முதலே மருத்துவ இதழ்களில் இருக்கிறது. சமையலில் மஞ்சள் இருக்கட்டும். சிகிச்சையிலிருக்கும் ஒருவர் கஷாயமோ மாத்திரையோ புதிதாகத் தொடங்குமுன், காவிரிக்கரை அம்மா செய்ததைப் போல, தன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

காவிரிக்கரை

தாராளமாகச் சேர்த்துக்கொள் அம்மா. அப்பாவிடம் கேட்டுவிட்டேன், அவருக்கு மகிழ்ச்சிதான். மாத்திரையை நிறுத்தி ஏழு மாதமாகிறது. போன வாரம் எடுத்த ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 6,800 இருந்தன. செங்கதிர் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்த 101-ஆம் இடத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.